முட்டைப் போர்வைக்குள் சோறு

1985-இல் வெளிவந்த 'டாம்போபோ' என்ற ஜப்பானியத் திரைப்படத்தில் ஒரு காட்சி. வீடு வாசலற்ற ஒருவர், ஒரு சிறுவனை அழைத்துக்கொண்டு இரவில் ஓர் ஓட்டலின் சமையலறைக்குள் ஓசையின்றி நுழைகிறார். தக்காளி சாஸில் வறுத்த சோற்றைத் தட்டில் குவிக்கிறார். தலையணை போன்ற ஓர் ஆம்லெட்டை அதன்மேல் வைத்துக் கத்தியால் நெடுக்காகக் கீறுகிறார். அது இருபுறமும் விரிந்து சோற்றை மூடிக்கொள்கிறது.

இதன் பெயர் 'ஓமுரைஸ்'. ஆம்லெட்டைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் முற்பாதியோடு 'ரைஸ்' என்பதை ஒட்டிச் செய்த பெயர். டோக்கியோவில் 1895-இல் தொடங்கிய ரெங்காதேய் என்ற உணவு விடுதியும், ஒசாகாவிலுள்ள ஹொக்கியோகுசேய் என்ற விடுதியும் இது தங்களிடம்தான் பிறந்தது என்கின்றன. வயிற்றுக் கோளாறால் நாள்தோறும் ஆம்லெட்டும் வெறும் சோறுமே சாப்பிட்ட வாடிக்கையாளர் ஒருவருக்காக 1925-இல் செய்தது என்பது ஒசாகாக்காரர்கள் சொல்லும் கதை. இந்த வழக்கு நமக்கு வேண்டாம். கீறினால் விரியும் அளவுக்கு ஆம்லெட் எப்படி மென்மையாக இருக்கிறது? அதைப் பார்ப்போம்.

முட்டையின் வெண்கருவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் நூல்கண்டுபோலச் சுருண்டு நீரில் மிதக்கிறது. சூடேற்றினால் கண்டு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. அந்த வலைக்கண்களில் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. திரவம் திடமாவது இப்படித்தான்.

எல்லாப் புரதங்களும் ஒரே வெப்பநிலையில் அவிழ்வதில்லை. வெண்கரு 62 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே கெட்டியாகத் தொடங்கினாலும், அதில் மிகுந்துள்ள 'ஓவல்புமின்' என்ற புரதம் 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகுகிறது. மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டிப்படுகிறது. இரண்டையும் கலந்து அடித்தால் 73 டிகிரி வாக்கில் இளகிய கட்டியாகிறது. சூடு இன்னும் ஏறினால் வலை இறுகி, பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ரப்பர் போன்ற ஆம்லெட்டும், தட்டில் அதைச் சுற்றித் தேங்கும் நீரும் இதன் விளைவே. ஆக, சமையல்காரருக்குக் கிடைக்கும் இடைவெளி மிகச் சிறியது. வாணலியை அடுப்பிலிருந்து சற்று முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். அதில் தங்கிய சூடு மிச்ச வேலையை முடித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரைப்படத்து ஆம்லெட்டின் நடுப்பகுதி பாதி வெந்தது. ஜப்பானில் முட்டையைப் பச்சையாகவே உண்ணும் பழக்கம் உண்டு. ஆகவே கழுவி, சோதித்து, பச்சையாக உண்ணத்தக்க கடைசி நாளையும் குறித்தே விற்கிறார்கள். அந்த ஏற்பாடு எல்லா ஊரிலும் இல்லை. முட்டையில் 'சால்மொனெல்லா' என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். அதை அழிக்க முட்டை உணவு முழுவதும் 71 டிகிரியை எட்ட வேண்டும் என்பது பரிந்துரை. இந்த எண்ணை முன்பு கண்ட 73-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டை முழுவதும் அப்போதுதான் உறைந்த நிலையில் பாதுகாப்பும் மென்மையும் சேர்ந்தே கிடைக்கின்றன! ரப்பராக்க வேண்டிய அவசியமே இல்லை. (வெப்பநிலையை அளக்கிறேன் என்று பள்ளி ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை வாணலியில் விட்டுவிடாதீர்கள்.)

எனவே வீட்டில் செய்ய ஏற்றது, மெல்லிய முட்டைத் தகட்டில் சோற்றைச் சுற்றும் பழைய முறை. முதலில் சோறு. சூடான சோற்றில் ஸ்டார்ச்சு நீரை உறிஞ்சி ஊதியிருக்கும், கிளறினால் குழையும். ஆறும்போது ஸ்டார்ச்சு மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் பருக்கை விறைக்கிறது. ஆகவே ஆறிய சோறே நல்லது. வடித்ததும் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரவு முழுவதும் வெளியே விட்டால் வேறொரு பாக்டீரியா பெருகும். ஜப்பானிய அரிசி ஒட்டும் தன்மையுடையது. நம் புழுங்கலரிசி உதிரியாக நிற்பதால் வறுப்பது நமக்கு எளிது.

எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் கோழிக்கறித் துண்டுகளையும் நன்றாக வேகும்வரை வதக்குங்கள். கறி வேண்டாதவர்கள் பட்டாணி சேர்க்கலாம். இரண்டு மேசைக்கரண்டி தக்காளி சாஸை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, நீர் வற்றிய பிறகு ஒரு கிண்ணம் சோற்றைக் கொட்டிக் கிளறுங்கள். சாஸிலுள்ள தண்ணீர் சோற்றில் இறங்காமலிருக்க இதுவே வழி.

இரண்டு முட்டைகளை உப்புடன் அடித்து, ஒரு தேக்கரண்டி சோள மாவை நீரில் கரைத்துச் சேருங்கள். மாவு சூட்டில் ஊதிப் புரத வலைக்குள் புகுந்துகொள்வதால் தகடு எளிதில் கிழியாது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில், மிதமான தீயில், மெல்லியதாகப் பரப்புங்கள். மேற்புறத்தில் ஈரம் மறைந்ததும் சோற்றை நடுவில் நீளமாக வைத்து இருபுறமும் மடித்து, தட்டை மேலே கவிழ்த்துத் திருப்புங்கள். முதல் தடவை கிழியத்தான் செய்யும். கிழிந்த இடத்தில் சாஸை ஊற்றி மறைத்துவிடலாம்.

மீந்த முட்டையில் ஒரு சோதனையும் செய்து பாருங்கள். அடித்த முட்டையை இரண்டு கிண்ணங்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் மட்டும் சிறிது பால் கலந்து, இரண்டையும் ஒன்றாக இட்லிப் பானையில் வையுங்கள். பால் கலந்தது பின்தங்கியே உறையும். புரத இழைகளுக்கிடையே தூரம் கூடிவிட்டதல்லவா?