வாங் மாங்: நல்ல பேர் ஏற்றிவிட்டது, காசு கவிழ்த்துவிட்டது

சீனப் பேரரசர்னு சொன்னா நம்மில் பலருக்குப் பெருஞ்சுவர் கட்டின சின் ஷி ஹுவாங்தான் ஞாபகம் வருவார். இன்னைக்கு நாம பார்க்கப் போறவர், அவருக்கு இரண்டு நூற்றாண்டு கழிச்சு வந்த வாங் மாங்.

ஹான் வம்சத்தின் கடைசிக் காலம். இவருடைய அத்தை பட்டத்து ராணி. அதனால சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் பெரிய பதவி. இவருக்கோ அப்பா சீக்கிரமே இறந்துட்டார். எளிமையா வாழ்ந்தார், நிறையப் படிச்சார். ஒருமுறை இவரோட மகன் ஒரு அடிமையைக் கொன்னுட்டான். பெரிய இடத்துப் பையன்னு விட்டுடாம, அவனையே தற்கொலை செய்ய வெச்சார். ஊரே அசந்துபோச்சு.

கி.மு. 1-ல் ஒரு சிறுவன் அரியணை ஏற, ஆட்சி இவர் கைக்கு வந்தது. அந்தப் பையனும் கி.பி. 6-ல் இறந்துட்டான். அடுத்து ஒரு கைக்குழந்தையை வாரிசாக்கினார். கி.பி. 9-ல் அதையும் ஓரங்கட்டி, தானே பேரரசர் ஆனார். வம்சத்துக்கு வெச்ச பேர் ‘ஷின்’. ‘புதியது’ன்னு அர்த்தம்.

உடனே சட்டங்கள் வந்தன. நிலமெல்லாம் அரசருக்கே சொந்தம், விற்கக் கூடாது. அடிமைகளையும் விற்கக் கூடாது. கேட்க நல்லா இருக்கில்ல? ஆனா அதை அமல்படுத்த வேண்டியவங்கள்ல பலர் நிலக்கிழார் குடும்பத்துக்காரங்க! மூணே வருஷத்துல சட்டத்தை வாபஸ் வாங்கிட்டார்.

அடுத்து, பணம். தங்கம், வெள்ளி, செம்பு, ஆமை ஓடு, சோழின்னு 28 வகை. கி.பி. 7-லிருந்து 14-க்குள்ள நாலு தடவை மாத்தினார். நாங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன கோட் மாத்தவே பயப்படுவோம். இவர் ஓடிக்கிட்டிருக்கிற நாட்டோட பணத்தையே மாத்தினார், பழசுக்குத் திரும்பவும் வழி வைக்கல. மக்கள் ரகசியமா பழைய காசையே புழங்கினாங்க. மாட்டினவங்களுக்குக் கடும் தண்டனை.

இதுக்கு நடுவுல மஞ்சள் ஆறு தடம் மாறிப் பாய்ஞ்சது. வெள்ளம், பஞ்சம். பசியில் எழுந்தவங்க சண்டையில அடையாளம் தெரிய புருவத்துல சிவப்புச் சாயம் பூசிக்கிட்டாங்க. அதனால அவங்க பேரே ‘செம்புருவப் படை’. கி.பி. 23-ல் குன்யாங் போர்ல இவரோட பெரும்படை சிறிய படைகிட்ட தோத்தது. அதே வருஷம் தலைநகர் சாங்கான்ல, அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டார்.

இவர் நல்லவரா, நடிகரா? இவர் கதையை எழுதின பான் கூ, மறுபடி ஆட்சிக்கு வந்த ஹான் தரப்பு ஆள். அதனால கொஞ்சம் சந்தேகத்தோடதான் படிக்கணும். என் கணிப்பு இதுதான்: நோக்கம் நல்லதாவே இருந்திருக்கலாம். ஆனா கையில இருக்கிற காசு நாளைக்குச் செல்லுமான்னு தெரியாத ஜனங்களுக்கு, அந்த நோக்கத்தால என்ன பயன்?

அன்னைக்கு ஜனங்க வாங்கத் தயங்கின அவரோட நாணயங்களை, இன்னைக்குச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குறாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!