மூலக்கொத்தளம் தெருவில் இரண்டு இயந்திரங்கள்

வடசென்னை மூலக்கொத்தளத்துச் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், மீன்பாடி வண்டி ஒன்றாவது தடதடவென்று கடந்து போகும். பெயரில் மீன் இருந்தாலும் சுமப்பது மீன் மட்டும் அல்ல. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடிந்து, மீன் பெட்டியையும் ஐஸையும் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்த பிறகு, அதே வண்டி சிமென்ட் மூட்டை, பிவிசி பைப், வாட்டர் கேன், வீடு மாற்றுபவரின் பீரோ என்று எதையும் ஏற்றிக்கொள்ளும். இதை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. ஷோரூம் இல்லை, மாடல் பெயர் இல்லை. வெல்டிங் பட்டறையில் பிறந்த வண்டி.

இந்தப் பக்கத்துத் தெருக்களில் பழகிப்போன இன்னொரு இயந்திரம் கைப்பம்பு. அதுவும் ஒரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததுதான். ஆனால் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பம்பு கடைசி வரை போனது. வீட்டிலோ வேலையிலோ முட்டுக்கட்டை வரும்போது எப்படி யோசிப்பது என்பதை இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

வேலையைப் பார், பொருளைப் பார்க்காதே

மீன்பாடி வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் பலகைத் தட்டு. பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவரின் சீட்டு. திருப்ப வேண்டுமானால் தட்டோடு சேர்ந்த கம்பியைப் பிடித்து முன்பாகத்தையே திருப்ப வேண்டும். சரக்கு கண்ணெதிரே இருப்பதால், பெட்டி சரிகிறதா, கயிறு தளர்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. தட்டு தாழ்வாக இருப்பதால் ஒரே ஆள் ஏற்றி இறக்கிவிடலாம்.

இதெல்லாம் பெடல் மிதித்த காலத்து அமைப்பு. பிறகு மாறியது பின்பக்கம் மட்டுமே. காலின் வேலையை, கண்டமான ஸ்கூட்டரிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ கழற்றிய இன்ஜின் எடுத்துக்கொண்டது. முன்பாகம் திரும்புகிற பாகம்; அங்கே இன்ஜினை வைக்க முடியாது. அதனால் ஓட்டுபவருக்கு அருகே பொருத்திப் பின்சக்கரத்தை இழுக்க வைத்தார்கள்.

பழைய ஸ்கூட்டர் இன்ஜினில் ஒரு வசதி உண்டு. பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஓடுகிற வேகத்தில் எதிர்க்காற்று பட்டுத்தான் சூடு ஆறும். வெஸ்பா, சேத்தக் வகை இன்ஜின் தகடு மூடிக்குள் அடைந்து கிடப்பதால் அதன் ஃப்ளைவீலிலேயே விசிறி வைத்திருப்பார்கள். வண்டி நின்றாலும் ஊர்ந்தாலும் இன்ஜின் சுழலும் வரை காற்று வந்துகொண்டே இருக்கும். முழுப் பாரத்தோடு நெரிசலில் நகர்கிற வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய ஸ்கூட்டரை எல்லோரும் ஓட்டி முடித்த வண்டியாகப் பார்க்க, பட்டறைக்காரர் அதில் சக்கரத்தைச் சுழற்றும் சக்தியைப் பார்த்தார். இப்படிப் பார்ப்பது ஏன் கடினம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டங்கர் 1935-இல் வெளியான தன் நூலில் காட்டினார். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய குத்தூசி. மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஊசிப் பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தி, அதன் மேல் மெழுகுவர்த்தியை வைப்பதே விடை. ஊசிகள் பெட்டிக்குள் இருந்தபோது பலருக்கு இது தோன்றவில்லை. பெட்டியைக் காலியாகக் கொடுத்தபோது எளிதாகத் தோன்றியது. ஊசி வைக்கிற பெட்டி என்று மனம் முடிவு கட்டிவிட்டால் அது தட்டாகக் கண்ணில் படாது.

இதை உடைக்க எளிய வழி, பொருளின் பெயரைச் சொல்லாமல் வேலையின் பெயரைச் சொல்வது. ‘வண்டி வேண்டும்’ என்றால் விலைப்பட்டியல்தான் நினைவுக்கு வரும். ‘இந்த மூன்று பெட்டி எட்டு மணிக்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும்’ என்றால் பத்து வழி தெரியும்.

பத்து வழியும் தெரியாதபோது கைகொடுக்க ஒரு கேள்விப்பட்டியல் உண்டு. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953-இல் எழுதிய நூலில் இத்தகைய கேள்விகளைத் தொகுத்தார். பாப் எபர்ல் 1971-இல் அவற்றை ஏழாகச் சுருக்கினார். ஒன்றுக்குப் பதில் வேறொன்றை வைக்கலாமா? இரண்டைச் சேர்க்கலாமா? வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்தலாமா? பெரிதாக்கலாமா, சிறிதாக்கலாமா? வேறு வேலைக்குப் பயன்படுமா? எதை நீக்கலாம்? எதைத் தலைகீழாக்கலாம்? மீன்பாடி வண்டியை இதில் வைத்துப் பாருங்கள். காலுக்குப் பதில் இன்ஜின், ட்ரைசைக்கிளும் ஸ்கூட்டரும் சேர்ந்தது, கேபினும் கதவும் நீங்கியது, சரக்கு முன்னால் ஆள் பின்னால் என்று தலைகீழானது. பட்டறைக்காரர் பட்டியலைப் படித்திருக்க வேண்டியதில்லை. கையில் பழக்கம் இல்லாத நமக்குத்தான் பட்டியல்.

ஏன், ஏன், ஏன்?

இனி பம்பு. 1960-களின் கடைசியில் இந்தியாவின் பாறை மண்ணில் ஆழ்துளைக் கிணறுகள் வேகமாகத் தோண்டப்பட்டன. மேலே வார்ப்பிரும்புக் கைப்பம்புகளை வைத்தார்கள். 1974-இல் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்பு வேலை செய்யவில்லை. உடனே தோன்றும் பதில்கள் என்ன? ‘ஜனங்கள் முரட்டுத்தனமாக அடிக்கிறார்கள்’, ‘ரிப்பேருக்கு ஆள் போடு’.

டொயோட்டாவில் வளர்ந்த ஒரு பழக்கம், முதல் பதிலோடு நிற்காமல் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்பது. பம்பு ஏன் ஓடவில்லை? பிடியின் மூட்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓய்வில்லாமல் அடிக்கிறார்கள். அதை ஏன் தாங்கவில்லை? ஒரு குடும்பம் நாளைக்கு நாலு குடம் அடிக்க வடிவமைத்த பம்பு அது. ஊரே வரிசையில் நிற்கிறது. இங்கே வந்து நின்றதும் கேள்வியே மாறிவிடுகிறது. ஜனங்களைத் திருத்த வேண்டாம், ஊர் முழுக்க அடித்தாலும் தாங்கும் பம்பு வேண்டும். வடசென்னை வீட்டு வாசலில் உள்ள சின்ன அடிபம்பு வருடக்கணக்கில் உழைப்பதும் இதனால்தான். அது ஒரு வீட்டுக்கு உரிய வேலையை மட்டும் செய்கிறது.

அப்படிப் பிறந்ததுதான் ‘இந்தியா மார்க் 2’. இதிலும் வானத்திலிருந்து எதுவும் குதிக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த உறுதியான பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். பிடியின் அச்சில் மூடிய பால் பேரிங். பிடியின் மறுமுனையில் வளைந்த தகடு, அதில் ஒரு செயின், செயினில் தொங்கும் கம்பி கிணற்றுக்குள் போகிறது. பிடி வட்டமாக நகர்ந்தாலும், வளைவில் படிந்த செயின் கம்பியை நேராகவே மேலே தூக்கும். பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் தேய்மானம் குறைவு. பிடி கனமான கெட்டி இரும்பு. உள்ளே தொங்கும் கம்பியின் எடைக்கு அதுவே எதிர் எடை.

இங்கேதான் வண்டியும் பம்பும் பிரிகின்றன. மாதிரி பம்புகளைத் தண்ணீர் மிக ஆழத்தில் கிடக்கும் கோவைப் பகுதியில் 1976-இல் பொருத்திச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனம் தயாரித்தது. 1979-இல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. அளவு ஒன்றே என்பதால் எந்த ஊர்ப் பம்புக்கும் எந்தக் கடை பேரிங்கும் பொருந்தும்.

அதோடும் முடியவில்லை. உள்ளே வாஷர் தேய்ந்தால், கிணற்றிலிருந்து குழாயை முழுவதும் உருவ வேண்டும். அதற்கு ஒரு படையே வர வேண்டும். ஊர் உடைக்க முடியாத உறுதியும் வேண்டும், ஊரே ரிப்பேர் செய்யும் எளிமையும் வேண்டும். சோவியத் பொறியாளர் கென்ரிக் ஆல்ட்ஷுல்லர் 1946 முதல் காப்புரிமைகளை ஆராய்ந்து சொன்னது இத்தகைய முரண்களைப் பற்றித்தான்: நடுவில் சமரசம் செய்யாதே, இரண்டையும் பிரித்து வை. 1980-களில் கோவைப் பகுதியிலேயே நடந்த கள ஆய்வில் உருவான ‘மார்க் 3’ அதைச் செய்தது. குழாயை அகலமாக்கினார்கள், குழாய் அங்கேயே இருக்க, தேயும் பாகத்தை மட்டும் அதன் வழியே மேலே உருவிவிடலாம்.

தையல் கடையில்

இதே முறை சின்ன இடத்திலும் எடுபடும். தீபாவளி நேரத்தில் சட்டைகள் தாமதமாகின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு மெஷின் வாங்கலாமா? முதலில் ஏன் என்று கேளுங்கள். தைத்த சட்டை காஜாவுக்காக, அதாவது பொத்தான் துளை தைப்பதற்காக, காத்திருக்கிறது. ஏன்? காஜா கடையில் கூட்டம். ஏன்? எல்லாக் கடையும் சாயங்காலம்தான் மொத்தமாகக் கொடுக்கின்றன. காலையில் ஒரு கட்டு அனுப்பினால் மெஷினே வேண்டாம். ஆனால் தெரு முழுவதும் அதே நேரத்துக்கு மாறினால் என்ன ஆகும்? ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுத்தான் வெற்றி என்று சொல்ல வேண்டும்.

மீன்பாடி வண்டிக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. மிதிக்கும் வேகத்துக்கு அமைந்த சட்டமும் பிரேக்கும் இன்ஜின் வேகத்தை, பாரத்தோடு, தாங்குமா? பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. மோதினால் அடிபட்டவருக்கும் ஓட்டியவருக்கும் இன்சூரன்ஸ் நஷ்டஈடு கிடைக்காது. போலீஸ் பிடித்தால் அன்றைய பிழைப்பு போச்சு. பட்டறைக்காரரின் மூளையில் குறை இல்லை. பம்புக்குக் கிடைத்த ஆய்வுக்களமும் பணமும் தர நிர்ணயமும் இந்தப் பட்டறைக்குக் கிடைக்கவில்லை. 2005-இல் வந்த டாடா ஏஸ், நம்மவர்களின் ‘குட்டி யானை’, சின்னச் சரக்குக்குச் சின்ன வண்டி என்ற இதே தேவையைத்தான் சட்டத்துக்குள் நின்று பிடித்தது. ஆனால் அதன் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

ஆகவே அடுத்த முறை ‘பிரமாதமான ஐடியா’ தோன்றினால் மூன்று கேள்வி கேளுங்கள். நூறு பேர் தினமும் பயன்படுத்தினால் தாங்குமா? கெட்டுப்போனால் யார், எதை வைத்துச் சரிசெய்வார்? தவறினால் அடி யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் வரும் வரை அது பாதி ஐடியாதான்.