எரிமலை ஏறும் வழியில் கொரில்லா வந்தால் நின்று பார்க்கக்கூட அனுமதி இல்லையா? ருவாண்டாவின் பிசோக்கே மலையில் என்ன ரூல்ஸ்?

கிழக்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஒரு எரிமலை இருக்கிறது. பெயர் பிசோக்கே. காலையில் கைடோடு ஏறி, உச்சியில் இருக்கும் ஏரியைப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம். ஏறும் வழியெல்லாம் மலை கொரில்லாக்கள் வாழும் காடு. உலகம் முழுக்க இந்த வகை கொரில்லா சுமார் ஆயிரம்தான் மிச்சம்.

ஆனால் ஒரு கண்டிஷன். மலையேறும் பர்மிட் மட்டும் வைத்திருப்பவர் எதிரே கொரில்லா வந்தாலும் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. போட்டோவும் எடுக்கக் கூடாது. கைடு காட்டும் பக்கமாக ஒதுங்கி, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போய் இது என்ன ரூல்? கைடு எதற்கு, கூடவே துப்பாக்கி எதற்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிசோக்கே எங்கே இருக்கிறது?

ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லையில் எட்டு எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. இதற்கு விருங்கா மலைத்தொடர் என்று பெயர். ருவாண்டாவின் கின்யருவாண்டா மொழியில் எரிமலைகளுக்கு உள்ள சொல்லில் இருந்து வந்த பெயர் இது.

இந்த எட்டில் உயரமானது கரிசிம்பி, 4,507 மீட்டர். பிசோக்கே 3,711 மீட்டர். அதன் உச்சி வழியாகத்தான் ருவாண்டா - காங்கோ எல்லைக்கோடு போகிறது. ருவாண்டா பக்கம் இருக்கும் காடு எரிமலைகள் தேசியப் பூங்கா எனப்படுகிறது. பரப்பளவு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1925ல் பெல்ஜியம் ஆட்சியின்போது உருவான ஆல்பர்ட் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாக இருந்தது இது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அதுதான்.

இப்போதும் வெடிக்குமா?

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி மெதுவாகப் பிளந்து விலகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிளவின் மேற்குக் கிளையில்தான் விருங்கா எரிமலைகள் பிறந்தன. பிசோக்கே கடைசியாக 1957ல் வெடித்தது. அதுவும் உச்சியில் அல்ல. உச்சியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி, வடக்குப் பக்கத்தில். அதன்பிறகு அமைதி.

பக்கத்தில் காங்கோவில் இருக்கும் நியிரகோங்கோ அப்படி இல்லை. 2002லும், 2021 மே மாதத்திலும் அதன் லாவா கோமா நகரை நோக்கிப் பாய்ந்து வீடுகளை அழித்தது. ஒரே தொடரில் இருந்தாலும் இரண்டு மலைகளின் குணமும் வேறு வேறு. பிசோக்கேயில் ஏறுபவர்கள் கவலைப்பட வேண்டியது லாவாவுக்கு அல்ல; சேற்றுக்கும் மழைக்கும் காட்டெருமைக்கும்தான்.

ஒரு நாள் பயணம் எப்படி இருக்கும்?

தலைநகர் கிகாலியிலிருந்து ரோட்டில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் முசான்சே என்ற ஊர் வரும். பெரும்பாலானவர்கள் முந்தின நாளே அங்கே போய்த் தங்கிவிடுகிறார்கள். காரணம், காலை 7 மணிக்கே பக்கத்தில் உள்ள கினிகியில் இருக்கும் பூங்கா அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். பர்மிட் சரிபார்ப்பு, கைடு சொல்லும் விதிகள், குழு பிரிப்பு எல்லாம் அங்கேதான்.

அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஜீப்பில் போக வேண்டும். நடை தொடங்கும்போது காடே கிடையாது. உருளைக்கிழங்கு வயல்களும், பைரீத்ரம் என்ற வெள்ளைப் பூ வயல்களும்தான். வயல் முடிகிற இடத்தில் எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு சுவர். காட்டெருமைகள் பயிரை மேய வராமல் தடுக்க எழுப்பியது. அதைத் தாண்டினால் பூங்கா.

அதன்பிறகு ஏற்றம்தான். சுமார் 1,100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏறி இறங்க ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். தூரம் பெரிதில்லை; செங்குத்தும் சேறும்தான் ஆளைப் படுத்தும். வேரைப் பிடித்து, கிளையைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. கண்டதைப் பிடிக்கவும் முடியாது. நம்ம ஊர் காஞ்சொறி மாதிரி தொட்டாலே சுர்ரென்று எரியும் செடிகள் வழியெங்கும் இருக்கின்றன. அதனால்தான் கையுறை கட்டாயம் என்கிறார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், நமக்கு எரியும் அந்தச் செடியை கொரில்லாக்கள் சாதாரணமாக மென்று தின்கின்றன.

மேலே போகப் போக மரங்கள் மாறும். முதலில் பாசி தொங்கும் ஹகேனியா மரங்கள். அதற்கு மேலே ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் ராட்சத லொபீலியா, செனெசியோ செடிகள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் இந்த உயரத்தில் பகலில் வெயில், ராத்திரியில் உறைபனிக் குளிர். செனெசியோ தன் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்வை மாதிரி வைத்துக்கொள்வது இந்தக் குளிரைத் தாங்கத்தான்.

உச்சியில் எரிமலை வாய்க்குள் வட்டமாக ஒரு ஏரி. குறுக்களவு சுமார் 400 மீட்டர். மேகம் விலகினால் பச்சை விளிம்புக்கு நடுவில் தண்ணீர் முழுசாகத் தெரியும். விலகாவிட்டால் வெள்ளைப் புகைமூட்டம்தான். கைடுக்கும் அதில் கேரண்டி கிடையாது.

என்னென்ன விலங்குகளைப் பார்க்கலாம்?

காட்டெருமை, புஷ்பக் என்ற புள்ளி மான், டுய்கர் என்ற குட்டி மான், தங்க நிறக் குரங்கு, யானை எல்லாமே இந்தக் காட்டில் உண்டு. ஆனால் சஃபாரி ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்க்கிற அனுபவம் இது இல்லை. அடர்ந்த காடு. யானை கண்ணில் படுவது அபூர்வம். அதன் சாணமும் கால் தடமும்தான் கிடைக்கும். தங்க நிறக் குரங்குகளுக்குப் பிடித்தது மூங்கில் காடு. அவற்றைப் பார்க்கத் தனிப் பயணமே இருக்கிறது.

நிதானமாக நடப்பவர்களுக்குக் கிடைப்பது சின்னச் சின்னக் காட்சிகள். மூன்று கொம்பு வைத்த பச்சோந்தி, லொபீலியா பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டு, சிவப்புச் சிறகு விரித்துப் பறக்கும் ருவென்சோரி டுராக்கோ பறவை.

துப்பாக்கி எதற்கு?

ஒவ்வொரு குழுவோடும் ஆயுதம் ஏந்திய காவலர்கள் நடப்பார்கள். இதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். முதல் காரணம் காட்டெருமை. அடர்ந்த புதரில் திடீரென எதிர்ப்பட்டால் முட்டித் தூக்கிவிடும். அப்படி நெருங்கினால் வானத்தை நோக்கிச் சுட்டுச் சத்தத்தால் விரட்டுவார்கள். இரண்டாவது காரணம், மலை உச்சி நாட்டின் எல்லை. காங்கோவின் கிழக்குப் பகுதியில் பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களின் மோதல் நடக்கிறது. பிசோக்கே போகத் திட்டமிடுபவர்கள் எல்லை நிலவரத்தையும் அரசின் பயண அறிவுரையையும் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

கொரில்லாவை ஏன் நின்று பார்க்கக் கூடாது?

இதற்குப் பதில் இரண்டு. ஒன்று பணம், இன்னொன்று சளி.

முதலில் பணம். கொரில்லா பார்க்கும் பர்மிட் தனி. 2017 மே மாதத்தில் அதன் விலையை ருவாண்டா அரசு 750 டாலரிலிருந்து ஒரேயடியாக 1,500 டாலராக உயர்த்தியது. நம்ம ரூபாயில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். மலையேறும் பர்மிட் விலை அதில் ஒரு சின்னப் பங்குதான். மலை பர்மிட் வாங்கிக்கொண்டு போய் கொரில்லாவையும் பார்த்துவிடலாம் என்றால், 1,500 டாலர் கட்ட யாரும் வரமாட்டார்கள்.

இப்போது சளி. அதுதான் முக்கியமான காரணம். மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் மரபணு சுமார் 98 சதவீதம் ஒத்துப்போகிறது. அதனால் நமக்கு வரும் நோய் அதற்கும் வரும். ஆனால் நமக்கிருக்கும் எதிர்ப்பு சக்தி அதற்குக் கிடையாது. 2009ல் ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தில் மூச்சுத் தொற்று பரவியது. இறந்த இரண்டு கொரில்லாக்களின் உடலில் இருந்தது, மனிதர்களுக்கு சாதாரணச் சளி, இருமலைக் கொடுக்கும் மெட்டாநியூமோ வைரஸ். நமக்கு ரெண்டு நாள் ஜலதோஷம். அங்கே இரண்டு உயிர்.

அதனால்தான் கொரில்லா பர்மிட் எடுத்தவர்களுக்கும் கெடுபிடி அதிகம். ஒரு குடும்பத்தை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 8 பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும். வயது 15 நிரம்பியிருக்க வேண்டும். தள்ளி நிற்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும். சளி, இருமல் இருந்தால் கட்டணம் கட்டியிருந்தாலும் அனுமதி இல்லை.

மலையேறும் குழுக்களும் வழியில் நின்றால் இந்தக் கணக்கே குலைந்துவிடும். மூச்சு வாங்க ஏறி, மாஸ்க் இல்லாமல், எத்தனை பேர் என்ற வரம்பும் இல்லாமல் கூட்டம் கூடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் காட்டில் எல்லா கொரில்லாவும் மனிதர்களைப் பார்த்துப் பழகியது இல்லை. பழக்கப்படுத்தவே ஓரிரு ஆண்டுகள் ஆகும். பழகாத குடும்பத்தின் முன்னால் ஒரு கூட்டம் நின்றால், வெள்ளி முதுகு ஆண் கொரில்லா சும்மா இருக்காது. பாய்ந்து வருவது போல் மிரட்டினால் ஓடக் கூடாது. குனிந்து உட்கார்ந்து கைடு சொல்வதைக் கேட்க வேண்டும்.

இந்த ரூல்ஸால் பலன் உண்டா?

எண்ணிக்கையைப் பார்த்தாலே புரியும். 1981 கணக்கெடுப்பில் விருங்கா மலைகளில் இருந்த கொரில்லாக்கள் சுமார் 254. 2010ல் 480. 2015-16ல் 604. உகாண்டாவின் ப்விண்டி காட்டில் 2018ல் எண்ணப்பட்ட 459ஐயும் சேர்த்தால் மொத்தம் 1,063. 2018 நவம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், மலை கொரில்லாவை அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற மோசமான பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கியது.

இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் டையன் ஃபாஸி 1967ல் கரிசிம்பிக்கும் பிசோக்கேக்கும் நடுவே முகாம் போட்டு, இரண்டு மலைகளின் பெயரையும் சேர்த்து கரிசோக்கே என்று பெயர் வைத்தார். வேட்டைக்காரர்களோடு கடுமையாக மோதிய அவர், 1985 டிசம்பரில் தன் குடிசையிலேயே கொல்லப்பட்டார். அவர் உயிராக நேசித்த, வேட்டைக்காரர்கள் 1977ல் கொன்ற டிஜிட் என்ற கொரில்லாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவர் கல்லறையும் இருக்கிறது. பிசோக்கே அடிவாரத்திலிருந்து அங்கே போகவும் தனி நடைப்பயணம் உண்டு.

ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது?

சுற்றிலும் மக்கள் நெருக்கமாக வாழும் விவசாய பூமி இது. 1969ல் இந்தப் பூங்காவிலிருந்து சுமார் 10,000 ஹெக்டேர் காட்டை எடுத்து பைரீத்ரம் பயிரிடக் கொடுத்தார்கள். கொசு, பூச்சி மருந்து தயாரிக்க உதவும் பூ அது. மலையேறுபவர்கள் தொடக்கத்தில் நடக்கும் வயல் எல்லாம் இப்படிப் பிறந்ததுதான்.

காட்டை நம்பியிருந்தவர்களுக்கு வேறு வருமானம் வேண்டும் அல்லவா? 2005 முதல் பூங்கா வருமானத்தில் 5 சதவீதம் சுற்றுவட்டார மக்களின் பள்ளி, தண்ணீர், ரோடு போன்ற திட்டங்களுக்குப் போனது. 2017ல் கட்டணத்தை உயர்த்தியபோது அது 10 சதவீதமானது. மலையேறுபவர்களின் பையைச் சுமக்கும் போர்ட்டர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். முன்பு வேட்டைக்குப் போன சிலரும் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள்.

ஆனாலும் பிரச்னை தீரவில்லை. மானுக்கு வைக்கும் சுருக்குக் கண்ணியில் குட்டி கொரில்லாக்கள் இன்றும் சிக்குகின்றன. கொரில்லாக்கள் பெருகியதால் இடமும் போதவில்லை. பூங்காவை ஏறக்குறைய 23 சதவீதம் விரிவாக்க அரசு திட்டம் போட்டிருக்கிறது. அதற்காக விவசாயக் குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். அன்று காட்டை எடுத்து வயல் ஆக்கினார்கள். இன்று வயலைக் காடாக்கப் போகிறார்கள். இரண்டு முறையும் நடுவில் நிற்பது ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்குச் சரியான வீடும் வருமானமும் கிடைப்பதைப் பொறுத்தே கொரில்லாக்களின் பாதுகாப்பும் அமையும்.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* மழை குறைவான மாதங்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போதும் ரெயின்கோட் அவசியம்.

* கணுக்காலை மூடும் ஷூ, நீளமான பேன்ட், முழுக்கை சட்டை, கையுறை. ஷார்ட்ஸில் போனால் காஞ்சொறி விடாது.

* 2,500 மீட்டருக்கு மேல் போனாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். முசான்சேயில் ஒரு இரவாவது தங்கி உடலைப் பழக்குவது நல்லது. தலைவலி அதிகமானால் கைடிடம் சொல்லி இறங்கிவிட வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோமே என்று இழுத்துப்பிடித்து ஏறுவது ஆபத்து.

* இதய நோய், மூச்சுப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது.

* போர்ட்டர் வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது வழுக்கும் சேற்றில் அவர் கைதான் பெரிய உதவி.

* கொரில்லாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதற்கான பர்மிட்டை முன்கூட்டியே தனியாக வாங்கி, இன்னொரு நாளை அதற்கு ஒதுக்க வேண்டும்.

* சளியோ இருமலோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காட்டில் மாஸ்க்கும் தூரமும் எதிரே இருக்கும் விலங்கின் உயிரைக் காக்கத்தான்.