பாய்ந்தது நாக்கு, பார்த்தவர் யார்?

‘யக்‌ஷா பெரெட்டி’ என்ற புதைபடிவ உயிரி பற்றி எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி அதைப் பல்லி என்கின்றன. மீதி, டைனோசர் குஞ்சு என்கின்றன. இரண்டும் இல்லை. தவளைக்கும் சாலமாண்டருக்கும் தூரத்து உறவான, உடம்பெல்லாம் செதில் கொண்ட நீர்நிலவாழ்விக் குடும்பத்தைச் சேர்ந்தது. மியான்மரின் கச்சின் மாநிலத்து அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசினில், கிடைத்தது. வயது சுமார் 9.9 கோடி ஆண்டு. மண்டையோட்டின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

குழப்பத்துக்கு வாசகர்களைக் குறைசொல்ல முடியாது. இதே குடும்பத்துக் குட்டி ஒன்றை ஆய்வாளர்களே 2016இல் பச்சோந்தியின் மூதாதை என்று எழுதினார்கள். வாயின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த குச்சி எலும்பு அப்படி நம்பவைத்தது. முழு மண்டையோடு கிடைத்தபின் ஆய்வாளர் ஹுவான் டாசாவும் சூசன் எவன்ஸ் உள்ளிட்ட சகாக்களும் 2020 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் கணக்கை நேர்செய்தார்கள்.

அந்தக் குச்சிதான் விஷயமே. பச்சோந்திக்கு அதன்மேல் உறைபோல நாக்குத் தசை சுற்றியிருக்கும்; இடையில் மீள்தன்மையுள்ள நார் அடுக்கு. தசை இறுகும்போது நார் இழுபட்டு விசையைச் சேர்த்துவைக்கும். எலும்பின் முனையைத் தாண்டியதும் மொத்தமும் ஒரே நொடிப்பில் அவிழும். பலாக்கொட்டையை விரலிடுக்கில் நசுக்கினால் வழுக்கித் தெறிக்குமே, அதேதான். இங்கே தெறிப்பது கொட்டையல்ல, பிடித்த கை. தசை தன் சொந்த வேகத்தில் ஒருபோதும் இப்படிப் பாயாது.

யக்‌ஷாவின் சி.டி. ஸ்கேனில் எலும்பு இருக்கிறது, முனையில் நாக்குத் திசுவின் மிச்சமும் இருக்கிறது. விசையைச் சேர்த்த நார் இல்லை. ஆகவே ‘அதிவேக நாக்கு’ என்ற தலைப்புச் செய்திகளில் வரும் வேகக் கணக்கெல்லாம் பச்சோந்தியிடம் வாங்கிய கடன். ஏவுகருவி கிடைத்தது; ஏவியதை யாரும் அளக்கவில்லை. ஊகம் வலுவானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அது ஊகம்தான்.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள். தவளை நாக்கும் இதுதானா? இல்லை, அது வாயின் முன்பக்கம் ஒட்டி, மடிந்து விரியும்.

மண்ணைத் தோண்டி வாழ்ந்ததா? முன்பு அப்படித்தான் சொன்னார்கள். இப்போது பதுங்கியிருந்து இரை பிடித்தது என்கிறார்கள்.

வாரிசு உண்டா? இல்லை, குடும்பத்தின் கடைசிக் கிளை சுமார் 20 லட்சம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் முடிந்தது.

அம்பர் வந்த வழி? ‘நெறிப்படி வாங்கியது’ என்கிறது ஆய்வறிக்கை. கச்சின் சுரங்கங்கள் 2017இல் ராணுவத்தின் பிடிக்குள் போனதால், எந்த ஆண்டு வெட்டியது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.