வறண்ட கிணறு கணக்கில் வராது

புது தில்லி: கண்காணிப்புக் கிணறு ஒன்று முற்றிலும் வறண்டுவிட்டால் அதில் அளப்பதற்கு எதுவுமில்லை. அந்தப் பருவத்தில் அதற்குரிய கட்டம் வெறுமையாகவே இருக்கும். சராசரி காணும்போது நீருள்ள கிணறுகள் மட்டுமே சேர்க்கப்பட்டால், நிலைமை மிக மோசமான இடம் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, நாடெங்கும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கிறது. கோடை அளவையும் மழைக்குப் பிந்தைய நவம்பர் அளவையும் ஒப்பிட்டே எங்கே நீர் ஊறியது, எங்கே குறைந்தது என்று முடிவு செய்யப்படுகிறது. சில இடங்களில் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன என்றாலும், ஆள் நேரில் சென்று அளக்கும் முறையே நீண்டகாலப் பதிவுகளுக்கு அடிப்படை.

தென்னிந்தியாவில் நீர்மட்டம் மீண்டு வருவதாக இப்பதிவுகள் காட்டியதை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. வறண்டுபோன கிணறுகள் கணக்கில் சேராததால் எழுந்த தோற்றமே அந்த மீட்சி என்று அது கூறியது. தெற்கே கடினப் பாறை. கிணறு விரைவில் வற்றிவிடும். பஞ்சாபிலோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு வண்டல் படிவு. அங்கே நீர் இறங்க இறங்க, மோட்டாரும் கீழே இறங்குகிறது. வறட்சி கண்ணில் படுவதேயில்லை.

அதைக் கண்டது விண்ணில் இருந்த கருவி. 2002-இல் ஏவப்பட்ட 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, தமக்கிடையே உள்ள தூரம் மாறுவதைக் கொண்டு புவியீர்ப்பு விசையின் மாற்றத்தைக் கணித்தன. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், தில்லி உள்ளிட்ட ஹரியாணா பகுதிகள் இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்று 2009-இல் நாசா விஞ்ஞானிகள் அறிவித்தனர். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 3,850 டிஎம்சி. மேட்டூர் அணையை 41 முறை நிரப்பலாம். ஆனால், எந்த ஊரில் எவ்வளவு என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. அதற்குக் கிணறுகள்தான் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, எடுக்கத்தக்க அளவைப் போல் 163 சதவீதத்துக்கும் அதிகமாகப் பஞ்சாப் நீரை எடுக்கிறது. 153 வட்டாரங்களில் 117 அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டவை. இம்மாநிலச் சராசரியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நெல் விளையும் சங்ரூர், பர்னாலா பகுதிகளில் நீர்மட்டம் ஆழத்துக்குச் சென்றுகொண்டிருக்க, தென்மேற்கே முக்த்சரில் உப்பு நீர் மேலேறி வயல்களைக் கெடுக்கிறது.

நெல்லுக்கு அரசுக் கொள்முதல் உறுதி. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். இவ்விரண்டையும் தொடத் துணியாத அரசு, 2009-இல் நடவுத் தேதியைத் தொட்டது. கடும் கோடையில் நீர் ஆவியாவதைத் தவிர்க்க, ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்று சட்டம் வந்தது. பின்னர் அத்தேதி மேலும் தள்ளிப்போனது. நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்பதற்குள் வயலைச் சுத்தம் செய்ய அவகாசமின்றி வைக்கோல் தாளைக் கொளுத்தும் வழக்கம் நவம்பரில் குவிந்தது. தில்லியின் புகைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 2025-இல் பஞ்சாப் அரசு நடவை மண்டலவாரியாக ஜூன் 1 முதலே அனுமதித்தது.

மத்திய அரசின் கைகளும் கட்டப்பட்டே உள்ளன. தண்ணீர் மாநிலப் பொருள். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 1997-இல் அமைக்கப்பட்ட மத்திய நிலத்தடி நீர் ஆணையம் தொழிற்சாலைகளுக்கு அனுமதி வழங்குகிறது; மறுக்கவும் செய்கிறது. 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் விவசாயத்துக்கு விலக்கு அளித்தன. நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் சுமார் 87 சதவீதம் பாசனத்துக்கே செல்கிறது.

பஞ்சாபில் ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 14 லட்சம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மின் மீட்டர் கிடையாது. எனவே நீர்மட்டம் அளக்கப்படுகிறது. எடுக்கப்படும் நீரோ இன்னும் உத்தேசமாகவே கணக்கிடப்படுகிறது.