சோற்றுக்கற்றாழை

சில இல்லங்களின் தலைவாயிலில் ஒரு செடி, வேர் மேலும் மடல் கீழுமாகத் தொங்குவதைக் காணலாம். அதற்கு மண் இல்லை; நீர் வார்ப்பாரும் இல்லர். ஆயினும் திங்கள் சில கழிந்தும் அது பசுமை மாறாது விளங்கும். கண்ணேறு கழியும் என்று கருதி மக்கள் அதனைக் கட்டித் தொங்கவிடுகின்றனர். கண்ணேறு கழிகின்றதோ இல்லையோ, அச்செடியின் உயிர்வலிமை காண்பார் அனைவர்க்கும் புலனாகும். அதுவே சோற்றுக்கற்றாழை.

மண்ணும் நீருமின்றி அஃது உயிர்வாழ்வது எங்ஙனம்? அதன் மடலே அதற்கு நீர்க்களஞ்சியம். மேலும், பெரும்பாலான செடிகள் பகற்பொழுதில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அவ்வமயம் அவற்றின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் ஏற்ற வாயுவை அமில வடிவில் சேமித்து, மறுநாட் கதிரொளியில் உணவாக்கிக் கொள்கிறது. பாலைநிலத்திற் பிறந்த செடிக்கு இத்தகைய சிக்கனம் வேண்டுவதே. அதன் தாயகம் அரேபியத் தீபகற்பம் என்பதை 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது. எனினும் நம் நாட்டிற்கு அது நெடுங்காலத்திற்கு முன்னரே வந்து, வேலியோரங்களிலும் வறண்ட கரைகளிலும் தானே வளரும் செடியாகிவிட்டது.

கல் என்பதும் தாழை என்பதும் புணர்ந்தால் கற்றாழை என்றாகும். கல்நிலத்தில் வளர்ந்து, தாழையைப் போல ஓரத்தில் முள்ளுடைய மடல்களைத் தாங்கும் செடிக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. மடலின் உள்ளீட்டுக்குச் சோறு என்று பெயர். ஆதலின் அது சோற்றுக்கற்றாழை எனப்பட்டது. மருத்துவ நூல்கள் அதனைக் குமரி என்றும் வழங்கும்.

கற்றாழை என்ற பெயர் தாங்கியன எல்லாம் இச்செடி ஆகா. ஆனைக்கற்றாழை என்பது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம். வேலியாகவும் நாருக்காகவும் அதனை வளர்ப்பர். அதன் மடல் விறைப்பானது. நுனியில் ஊசிபோன்ற வலிய முள் நிற்கும். ஒடித்தால் நார் நாராகப் பிரியும். பல்லாண்டு வளர்ந்து, மரம்போல் உயர்ந்த தண்டில் ஒருமுறை பூத்துப் பின் மடியும். அதன் சாற்றில் நுண்ணிய ஊசி வடிவப் படிகங்கள் உள. சோற்றுக்கற்றாழை என்று மயங்கி அச்சாற்றைத் தோலிற் பூசியவர், நோய் தணியக் காணாமல், தோல் தடித்து எரிச்சலுற்று வருந்துவர்.

சோற்றுக்கற்றாழையின் மடல் சதைப்பற்று மிக்கது; சாம்பல் கலந்த பச்சை நிறத்தது. ஓரத்திலுள்ள முட்கள் சிறியன. இளங்கன்றில் மடல்கள் எதிரெதிராக இரு வரிசையில் நிற்கும், வெண்புள்ளிகளும் காணப்படும். முதிர்ந்தபின் மடல்கள் சுற்றிலும் விரிந்து மலர்போல் அடுக்காகும், புள்ளிகள் மறையும். ஆதலின் புள்ளியை மட்டும் கொண்டு இச்செடியைத் துணிதல் தவறு. நன்கு முதிர்ந்த செடி, ஏறத்தாழ 3 அடி வரை உயரும் தண்டில் மஞ்சள் நிறக் குழற்பூக்களைத் தாங்கும், பூத்தபின் மடிவதில்லை.

இனி, மடலை அறுத்து நோக்குவோம். அறுத்தவுடன் தோலின் அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் கசியும். அது மிகக் கசப்பானது. அதன் உள்ளே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வழவழப்பான சோறு இருக்கும். ஒரே மடலில் அடுத்தடுத்து அமைந்த இவ்விரண்டும் குணத்தால் முற்றிலும் வேறானவை. சோற்றில் நூற்றுக்கு 98 பங்கிற்கு மேல் நீரே; அது குளிர்ச்சி தருவது. பாலோ கடுமையாகப் பேதியாக்குவது. அதனை உலர்த்திய கட்டியே நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மூசாம்பரம் ஆகும். முறைப்படி கற்ற மருத்துவர் அதனைச் சுத்தி செய்து அளவறிந்து ஆள்வர்; மற்றையோர் உட்கொள்ளின் வயிற்றுவலியும் பேதியும் உண்டாகும். கருவுற்ற மகளிர்க்கும் சிறுவர்க்கும் அஃது ஆகாது. சீட்டின்றி விற்கப்படும் பேதிமருந்துகளில் இப்பாலைச் சேர்ப்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டு மருந்து ஆட்சித்துறை 2002-ஆம் ஆண்டில் விலக்கியது. அதன் பாதுகாப்பிற்குத் தக்க சான்று காட்டப்பெறாமையே காரணம். வீட்டு நாயும் பூனையும் மடலைக் கடிக்காதவாறு செடியை வைத்தல் வேண்டும்.

ஆகவே மடலை அறுத்தவுடன் பயன்படுத்தலாகாது. வெட்டுவாய் கீழ்நோக்க, கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் பால் வடிந்துவிடும். பின்னர்த் தோலைச் சீவிச் சோற்றை எடுத்துக் கழுவுதல் வேண்டும். ஏழு முறை கழுவுக என்பது பெரியோர் வழக்கு. எண்ணிக்கை எதுவாயினும் மஞ்சள் நிறமும் கசப்பும் நீங்கும்வரை கழுவுதலே அதன் கருத்து. அடுப்பிலோ கொதிநீரிலோ சிறிதளவு சுட்டுக்கொண்டவர், முதலில் அவ்விடத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டிக் குளிரவிட்டு, அதன்பின் இச்சோற்றைப் பூசலாம். வெயிலால் கன்றிய தோலுக்கும் அது நலம் செய்யும். சிலர் தோலுக்கு ஒவ்வாது. முன்கையில் சிறிது தடவிப் பார்த்தல் நன்று. ஆழ்ந்த புண்ணுக்கும் கொப்புளம் எழுந்த பெருந்தீப்புண்ணுக்கும் மருத்துவமனையே உரிய இடம்.

வளர்த்தல் எளிது, கெடுத்தல் அதனினும் எளிது. கெடுப்பது பெரும்பாலும் அன்புமிகுதியே. நாள்தோறும் நீர் வார்த்தால் வேர் அழுகி, மடல்கள் குழைந்து சாயும். அடியில் துளையுள்ள மண்தொட்டியில் செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, மக்கிய தொழுவுரம் சிறிது இடுதல் போதும். மேல்மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் நீர் விடுக. மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்தில் ஒதுக்கிவைத்தல் நன்று. காலை வெயில் படும் இடம் ஏற்றது. நிழலில் வளர்ந்ததைத் திடீரெனக் கடுவெயிலில் வைத்தால் மடல் செம்பழுப்பு நிறம் கொள்ளும். சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும்.

மருந்துக்கு எடுக்குங்கால் அடியிலுள்ள முதிர்ந்த மடலையே அறுத்தல் வேண்டும், நடுக்குருத்தைத் தொடலாகாது. வளர்ந்த செடியைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் தோன்றும். அவை சாண் உயரம் எய்தியபின் வேரோடு பிரித்து, காயம் ஆறுமாறு ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, புதுத் தொட்டியில் நடுக. நட்டவுடன் நீர் விடவேண்டுவதில்லை; சில நாள் கழித்து விட்டால் போதும். இரண்டொரு ஆண்டுகளில் ஒரு தொட்டி பலவாகும். அண்டை வீட்டார்க்கும் கன்று கொடுக்கலாம். கொடுக்கும்போது, மஞ்சட் பாலை வடித்துப் பயன்படுத்துமாறு ஒரு சொல் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.