கருமேகக் கணக்கு – 9: கப்பல் போன தடத்தில் மின்னல்

பொதிகைப் பக்கம் எழும் கோடை மேகம் கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் வரை வந்துவிட்டுத் தூத்துக்குடி ஊருக்குள் நுழையாமலே ஏன் கரைகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். குளிர்ந்த கடற்காற்றின் வேலை அது. மறந்துபோனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் உப்பளத்துக் கோடை மழை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியரின் கெடு நெருங்குகிற நேரத்தில் கப்பல் புகைக்கும் மின்னலுக்கும் உள்ள உறவு பற்றிய ஆய்வு ஒன்று கையில் கிடைத்தது. துறைமுக ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை ஒத்திப்போட மனம் வரவில்லை. உப்பு காத்திருக்கட்டும்.

அதற்கு முன், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அருமையைச் சொல்ல வேண்டும். சித்திரை மாத இரவில் எட்டு மணிக்கு மேல் முத்துநகர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். முதுகுப் பக்கம், மேற்கே, மலைமேல் எழுந்த மேகங்கள் மினுக்கிக்கொண்டிருக்கும். அவை நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவை. இடியோசை அதிகம் போனால் இருபது கிலோமீட்டர் வரைதான் காதுக்கு எட்டும் என்பதால் சத்தம் வராது. இது எல்லோரும் அறிந்த காட்சி. எதிர்ப்பக்கம், கிழக்கே, கடலின் விளிம்பை ஒட்டியும் சில இரவுகளில் ஒரு மினுக்கல் தெரியும். நான் முதலில் கவனித்தபோது பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது இலங்கைக்குள்ள வெட்டுது தம்பி. நமக்கு ஒண்ணுமில்ல. மேக்க பாருங்க, அதுதான் காத்தக் கொண்டாரும்."

இலங்கை மின்னல் இங்கிருந்து தெரியுமா? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தூத்துக்குடியிலிருந்து புத்தளம் நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். வெப்பமண்டலத்து இடிமேகம் ஒன்றின் உச்சி 15 கிலோமீட்டர் உயரத்துக்குச் சாதாரணமாகப் போகும். 200 கிலோமீட்டர் தூரத்தில் பூமியின் வளைவு அந்த மேகத்தின் அடியில் 3 கிலோமீட்டரை மறைத்துவிடும். மீதி 12 கிலோமீட்டர் தொடுவானத்துக்கு மேலேதான் நிற்கும். கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்கை வாட்டில் கடலின் விளிம்பில் வைத்தால் எவ்வளவு மறையுமோ, அவ்வளவு உயரம். கணக்குப்படி பார்த்தால் அப்படிப்பட்ட மேகத்தின் நுனியை 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பார்க்கலாம். இடையில் வேறு மேகமும் புழுக்கப் புகைமூட்டமும் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலங்கையில் பிற்பகலும் மாலையும் இடிமழைக் காலம். ஆக, மழை அதிகம் காணாத நம் ஊருக்கு இரண்டு நாட்டு மழையையும் ஒரே இடத்திலிருந்து வேடிக்கை பார்க்கும் வசதி வாய்த்திருக்கிறது. பெரியவர் கணக்குப் போடாமலே சொன்னார்.

கண்ணுக்கு எட்டாத மின்னலைக் காதால் பிடிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. பழைய மத்திய அலை ரேடியோ வீட்டில் கிடந்தால், எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். தூரத்து மின்னல் ஒவ்வொன்றும் 'கரக்' என்று ஒலிக்கும். மின்னல் என்பது வெளிச்சமும் சத்தமும் மட்டுமல்ல, பெரிய வானொலி அலைவீச்சும்கூட. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை இந்தக் கரகரப்பைத் திட்டித் தீர்த்திருக்கும். மேகம் பார்க்கும் எங்கள் கூட்டத்துக்கோ பாட்டுதான் இடைஞ்சல்.

இதே வித்தையைப் பெரிய அளவில் செய்கிறது உலக மின்னல் இருப்பிட வலையமைப்பு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்துவது. பல நாடுகளில் வைத்திருக்கும் உணர்கருவிகள், மின்னலின் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளைப் பிடிக்கின்றன. ஒரே மின்னல் எந்தெந்த நிலையத்துக்கு எந்த நொடித்துளியில் வந்து சேர்ந்தது என்று ஒப்பிட்டு, விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தத் தரவுகளைப் படமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காட்ரினா வர்ட்ஸ் என்ற ஆய்வாளரின் கண்ணில், இந்தியப் பெருங்கடலின் குறுக்கே கோடு கிழித்தது போல ஒரு மின்னல் தடம் பட்டது. இயற்கை அத்தனை நேராகக் கோடு போடாது. கப்பல் போக்குவரத்து வரைபடத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தின. இலங்கையின் தென்முனையைச் சுற்றி மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை. அங்கிருந்து தென்சீனக் கடலுக்குள் போகும் பாதை. ஜோயல் தார்ன்டனும் வர்ட்ஸும் மற்றவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 2005 முதல் 2016 வரையிலான 12 ஆண்டுத் தரவை அலசியது. பக்கத்துக் கடலோடு ஒப்பிட்டால் இந்தப் பாதைகளுக்கு நேர் மேலே மின்னல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கப்பலின் இரும்பு மின்னலை இழுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வேலையைச் செய்வது புகை. மேகத்துளி ஒவ்வொன்றும் உருவாக ஒரு தூசித் துகள் வேண்டும். நடுக்கடல் காற்றில் துகள் குறைவு. இருக்கிற சில துகள்களைச் சுற்றித் துளிகள் பெரிதாகத் திரண்டு, மேகம் உயரே போவதற்குள் மழையாகக் கொட்டிவிடும். கப்பல் எரிக்கும் கெட்டி எண்ணெயின் கந்தகப் புகை அந்தக் காற்றில் துகள்களை வாரி இறைக்கிறது. அதே ஈரம் இப்போது ஏராளமான பொடித் துளிகளாகப் பங்கு பிரிகிறது. பொடித் துளி சட்டென்று விழாது. மேலெழும் காற்று அதை 5 கிலோமீட்டருக்கு மேலே, உறையும் குளிருக்குள் தூக்கிப்போகிறது. அங்கே பனிப்படிகங்களும் குருணைப் பனியும் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பிரிகிறது. பனி கூடினால் உரசல் கூடும். உரசல் கூடினால் மின்னல் கூடும். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இதுதான்.

கதை இத்தோடு நின்றிருந்தால் நானும் நாலு வரியில் முடித்திருப்பேன். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி கொண்டுவந்தது. கடலோர மக்களின் நுரையீரலை நினைத்துப் போட்ட விதி, மேகத்தை நினைத்தல்ல. ஆனால் அதற்குப் பிறகு சிங்கப்பூரை ஒட்டிய கப்பல் பாதைகளின் மேல் மின்னல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது என்று அதே குழுவினர் பின்னால் காட்டினார்கள். வானத்தை வைத்துச் சோதனை செய்ய எந்த ஆய்வுக்கூடத்திலும் வழியில்லை. இங்கே ஒரு சட்டத் திருத்தம் அந்தச் சோதனையைச் செய்து கொடுத்திருக்கிறது. வானிலை என்பது மேலே தானாக நடப்பது, நாம் அண்ணாந்து பார்க்க மட்டும் செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இந்த வாரத்தோடு போயிற்று.

வ.உ.சி. துறைமுகத்துக்கு இதில் என்ன பங்கு? அந்தப் பெரிய பாதை இலங்கைக்குத் தெற்கே ஓடுகிறது. நம் கரையை உரசிப் போவதில்லை. ஆனால் இங்கே ஏற்றும் கன்டெய்னர்களில் நிறைய கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அங்கிருந்து அதே பாதையில்தான் பயணம். தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்துக்குப் புகையும் புதிதல்ல. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. அடுத்த ஆண்டு கொண்டுவந்த காலியா, லாவோ இரண்டும் கரி எரித்து ஓடிய நீராவிக் கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது நமக்குத் தெரியும். மேலே மேகம் என்ன செய்தது என்று எழுதிவைக்கத்தான் அன்று ஆள் இல்லை.

இன்னும் பின்னே போனால் புகையே இல்லாத கடல். முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் நடந்ததற்குக் காரணம், இரு பருவக்காற்றுகளுக்கும் நடுவே கடல் அடங்கிக் கிடக்கும் காலம் அது என்பதுதான். நள்ளிரவு வாக்கில் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் முத்துச்சிப்பிப் பாருக்குப் போகும்; நண்பகலுக்கு மேல் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பும். கோடை இடியை உள்நாட்டில் கிளப்பிவிடுவதும் இதே கடற்காற்றுதான் என்பதால், தோணியும் மேகமும் ஒரே நேர அட்டவணையில் ஓடியிருக்கின்றன. சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்று ஒரு மந்திரக்காரரைக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். மேகம்கட்டி இருந்ததாக யாரும் எழுதவில்லை. இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

கோடை மேகத்தை ரேடாரில் பார்க்க முடியாதா என்று கேட்டவர்களுக்கு இரண்டு வரி. திருவனந்தபுரத்து ரேடாரின் பார்வைக்கு நடுவே மேற்குத்தொடர்ச்சி மலை நிற்கிறது. செயற்கைக்கோள் படம் வந்து சேர்வதற்குள் ஒரு கோடை மேகம் பிறந்து, பொழிந்து, செத்தும்விடலாம். அதன் ஆயுளே பல நேரம் ஒரு மணிதான். அதனால் அனல்மின் நிலையப் புகையைப் பாருங்கள். முற்பகலில் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்த புகை, ஊர்ப்பக்கம் திரும்பினால் கடற்காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று நான்கு மணிக்கு மேற்கே கண் வையுங்கள். மின்னலுக்குப் பின் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வேடிக்கை போதும்; கடற்கரையும் உப்பளமும் நிற்கத் தகுந்த இடமல்ல, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். புனே ஐஐடிஎம் உருவாக்கிய, மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலி செல்போனில் இருந்தால் இன்னும் நல்லது.

உப்பளத்தை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்: ஒரே ஒரு கோடை மழை பாத்தியில் விளைந்திருப்பதை எப்படிக் கரைக்கிறது, அம்பாரத்தை மூட எவ்வளவு நேரம் கிடைக்கும், துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு எதற்கு ஏறுகிறது என்பதெல்லாம். அதற்குள் வேறு ஆய்வுக் கட்டுரை எதுவும் கையில் சிக்காமல் இருக்க வேண்டும். ஆசிரியரும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார்.